சேலத்துக்குப் போன அரக்கு பனியன்கள்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசவும் வராது. அப்படிப்பட்டவன் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசியிருக்க வேண்டிய ஓர் இடத்தில் ஒரு பஸ் நிறைய ஆண்கள் பேசாமல் நின்றோம். அதைப் பற்றி எங்களில் யாராவது ஒருவர் நாலு வரி எழுதி வைக்க வேண்டும் என்று வெகுநாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் நன்றாகப் பேசுவார்கள். எழுத யாரும் முன்வரவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் அண்ணனுடைய சாயப்பட்டறையில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் பழைய பனியன் ஒன்று தொங்கும். கொதிக்கிற அண்டாவை இறக்கும்போது கை சுடாமல் பிடிக்க அதைத்தான் எடுப்போம். இப்போது அதன் நிறத்தைக் கேட்டால் வெங்காயத் தோல் நிறம் என்று சொல்லலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அது ஒரு பிடிதுணி, அவ்வளவுதான். ஒரு காலத்தில் அது நல்ல அரக்காக இருந்தது. முகூர்த்தப் புடவைக்குப் போடுகிற அதே அரக்கு. அதற்குச் சாயம் போட்டது அண்ணன். அண்டாவுக்குள் கோல் விட்டுப் புரட்டிக்கொடுத்தது நான்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். பட்டு நூலுக்குச் சாயம் போடுவதில் எங்கள் தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சத்தம் போட்டு வேலை வாங்கமாட்டார். சிட்டம் சிட்டமாக நூல் அண்டாவிலிருந்து வெளியே வரும்போது ஒவ்வொன்றையும் விரலால் பிரித்துப் பார்ப்பார். நிறம் ஒரே சீராக ஏறியிருந்தால் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டிக் கொடியில் போடுவார். எங்காவது திட்டுத் திட்டாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அதைப் பார்ப்பார். பிறகு அப்படியே நடந்து வெளியே போய்விடுவார். அந்த நூலை அவர் மறுபடி தொடமாட்டார். அண்ணன் கையைப் பின்னால் கட்டினால் இது ஆகாது என்று அர்த்தம். பட்டறையில் எல்லோருக்கும் இது தெரியும். பட்டறையிலேயே தவழ்ந்து வளர்ந்த அவர் மகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அந்த மகள்தான் பந்து ஆடினாள். ஓரிக்கைக்குப் பக்கத்தில் பாலாற்றை ஒட்டி ஒரு திடல் இருக்கிறது. அங்கே ஒரு கோச் சார் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். இவள் எட்டாவது படிக்கும்போது சேர்ந்தாள். கல்லூரிக்குப் போகும் வயதில் அந்த அணிக்கே தலைவியாகிவிட்டாள். அண்ணனுக்கு முதலில் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகள் ஆடுகிறாள் என்பதற்காகக் கற்றுக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை அண்டா மூடி மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் நடக்கிற ஆட்டங்களின் மறுஒளிபரப்பைப் பார்ப்பார். ஆட்டத்தைவிட அவர் பார்த்தது ஜனங்களைத்தான். ஏதோ ஒரு பெரிய கோப்பைக்கு இறுதி ஆட்டம். ஒரு ஊர்க்காரர்கள் மொத்தமாகக் கிளம்பி வேறொரு நாட்டுக்கு வந்திருந்தார்கள். அரங்கத்தின் பாதி முழுக்க ஒரே நிறம்.

"பாருப்பா, தறியில பாவு இழுத்துக் கட்டின மாதிரி இருக்குது. ஒரு இழை கூட வேற கலரு இல்ல. ரயிலு ஏறி, பிளேனு ஏறி, புள்ளைய தோள்மேல தூக்கிக்கினு வந்து இருக்கிறாங்க. ஆடுறவன் இவனுக்கு மாமனா மச்சானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பொண்ணு பைனல் வந்துச்சின்னா நாமளும் இப்பிடித்தான் போவணும். ஒரே கலருல" என்றார்.

அவள் வந்தாள். மாநில அளவில் பெண்களுக்கான ஒரு கோப்பை. இறுதி ஆட்டம் சேலத்தில், ஒரு கல்லூரி மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை. அவளே பட்டறைக்கு வந்து சொன்னாள். "அப்பா, நீ வருவதான?" என்று கேட்டாள். அதுவரை அவர் ஓரிக்கைத் திடலைத் தாண்டி எந்த ஆட்டத்துக்கும் போனதில்லை. வேலை இருக்கும், வெளியூராக இருக்கும். "நான் மட்டுமா? ஊரையே இட்டுக்கினு வரேன் பாரு" என்றார். அவள் வாயெல்லாம் பல்லாக நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இதற்குமேல் நடந்ததெல்லாம் அந்தச் சிரிப்புக்கு நாங்கள் செய்த மரியாதை.

அணியின் நிறம் அரக்கு. அரக்கு நிறத்தில் பனியன் கடையில் தேடினோம். கிடைத்தது எதுவும் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "இதுக்குப் பேரு அரக்கா? பீட்ரூட்டு தண்ணி" என்று தள்ளிவிட்டார். வெள்ளைப் பருத்தி பனியன்களை மொத்தமாக வாங்கிவந்து பட்டுக்குப் போடுகிற சாயத்திலேயே முக்கினார். பட்டுச் சாயம் பருத்தியில் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். எனக்கே தெரியும். பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் கேட்கவும் கேட்டார்: "இன்னா மேஸ்திரி, நூலு பருத்தி, சாயம் பட்டோடது. நிக்குமா?"

"தண்ணியில போட்டாத்தானப்பா போவும்? ஒருநாளு கூத்து. போட்டுக்கினு போறோம், கத்துறோம், வரோம். நாம இன்னா ஆத்துலயா எறங்கப்போறோம்?"

வியர்வையும் தண்ணீர்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாயப்பட்டறைக்காரன் எவனும் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. ஆவிக்கும் அடுப்புக்கும் நடுவில் வெறும் உடம்பும் இடுப்புத் துண்டும்தான். வியர்த்தால் உடம்போடு வழிந்து போய்விடும். உடுத்திய துணிக்குள் வியர்த்தால் என்ன ஆகும் என்பது எங்கள் அனுபவத்திலேயே இல்லாத விஷயம். பனியன்கள் கொடியில் நிழலில் காய்ந்தபோது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

விடிந்ததும் கிளம்பினோம். பஸ் நிறைய ஆட்கள். சாயக்காரர்கள், தறிக்காரர்கள், எதிர்வீட்டு மெக்கானிக், பால்காரர். அண்ணி வரவில்லை. மகள் கீழே விழுவதைத் தன்னால் பார்க்க முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். சித்திரை வெயில். செய்யாறு தாண்டும்வரை பாட்டும் விசிலும். செங்கம் வரும்போது பஸ்ஸுக்குள் அடுப்புக்குள் இருப்பது போல இருந்தது. கைகள் சிவந்திருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. எங்கள் கைகள் எந்த நாளும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும். முதலில் கண்டுபிடித்தவர் டிரைவர். சாப்பிட நிறுத்திய இடத்தில் உள்ளே எட்டிப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இருக்கைகளுக்கு அவர் அன்றுதான் வெள்ளை உறை மாட்டியிருந்தார். ஒவ்வொரு உறையிலும் ஒரு முதுகு பதிந்திருந்தது.

கழுவினோம். தண்ணீர் பட்டதும் இன்னும் இளகியது. ஊறிக் காய்ந்த சாயம் யார்மேலும் ஒட்டாது. இது ஈரச் சாயம், தொட்ட இடமெல்லாம் ஒட்டியது. பால்காரர் ஆத்திரத்தில் பனியனைக் கழற்றி எறிந்தார். கழற்றிய பிறகுதான் அவர் இன்னும் சிவப்பாகத் தெரிந்தார். மாற்றுச் சட்டை யாரிடமும் இல்லை. ஒருநாள் கூத்துக்கு எதற்கு என்று ஒருவரும் பை எடுத்து வரவில்லை.

மைதானத்தில் எங்களைப் பார்த்ததும் சிரிப்பு ஆரம்பித்தது. படிக்கட்டு வரிசைகளுக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். "ஏனுங்கண்ணா, ஹோலி ஆடிப்போட்டு நேரா வர்றீங்களா?" என்று ஒரு பையன் கேட்டான். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மரியாதையாக எழுந்து, வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இது போதாதென்று எதிரணியின் நிறமும் சிவப்பு. அதனால் எங்கள் பெண்களுக்கு அமைப்பாளர்கள் வெள்ளை ஜெர்சி கொடுத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எதிரணிக்காரர்கள் எங்களைத் தங்கள் ஆட்கள் என்று நினைத்துக் கையசைத்தார்கள். அணி வரிசையாக வெளியே வந்தபோது அவள் எங்களைத் தேடினாள். கண்டுபிடித்ததும் ஒரு கையைத் தூக்கினாள். அவ்வளவு தூரத்துக்கு நாங்கள் அழகாகத்தான் தெரிந்திருப்போம். இழுத்துக் கட்டிய பாவு மாதிரி.

ஆட்டத்தைப் பற்றி விவரமாக எழுத எனக்குத் தெரியாது. முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதி முழுக்க எங்கள் பெண்கள்தான் ஆடினார்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவள் அவள்தான். எப்போதும் அவள்தான் அடிப்பாள். அண்ணன் எழுந்து நின்றார். பந்து வலது கம்பத்தில் பட்டது. அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பந்து திரும்பி அவளைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

விசில் ஊதியதும் தாய்மார்கள் கயிற்றைத் தாண்டி ஓடினார்கள். அணி வேனில் வந்திருந்த அம்மாக்கள். அவரவர் பெண்ணை அவரவர் கட்டிக்கொண்டார்கள். அவள் யாரிடமும் நிற்காமல் நேராக எங்கள் பக்கம் நடந்து வந்தாள். நாங்கள் இறங்கிக் கயிறு வரைக்கும் போய் நின்றிருந்தோம். அவள் அழவில்லை. முகம் வெளுத்திருந்தது. அண்ணனுக்கு ஒரு முழம் தூரத்தில் வந்து நின்றாள். கைகளைக் கொஞ்சம் தூக்கினாள்.

அண்ணன் இரண்டு கையையும் நீட்டினார். அதை நான் பார்த்தேன், சத்தியமாக நீட்டினார். நீட்டிய கைகளைத் தானே பார்த்தார். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஈரச் சிவப்பு. அவளுடைய ஜெர்சியைப் பார்த்தார். மேடையில் நாற்காலிகள் போட்டு, விருந்தினர் வந்து உட்கார்ந்து, மைக்கில் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் அவள் அந்த வெள்ளைச் சட்டையோடு மேடை ஏற வேண்டும், போட்டோ எடுப்பார்கள். அண்ணன் ஓர் அடி பின்வாங்கினார். கைகளைக் கொண்டுபோய் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கே அவள்மேல் பட்டுவிடுமோ என்று நாங்களும் அதையே செய்தோம். ஒரு வரிசை ஆண்கள், எல்லோரும் சிவப்பாக, எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் தோளைப் பார்த்தாள். கைகள் எங்கே போயிருக்கின்றன என்று பார்த்தாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, பட்டறையில் ஆகாத நூலுக்கு முன்னால் அவர் நிற்கிற அதே நிற்பு. அண்ணனுக்கும் புரிந்திருக்க வேண்டும், அவர் உதடு அசைந்தது. ஆனால் மைக் கத்திக்கொண்டிருந்தது, கோச் சார் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள். அந்தக் கோலத்தில், அத்தனை பேர் நடுவில், இன்ன காரணம் என்று வாய் விட்டுச் சொல்ல எங்களுக்குக் கூசியது. அவள் திரும்பி நடந்தாள். மேடையில் பதக்கத்துக்குக் குனிந்தவள் பிறகு தலையை நிமிர்த்தவில்லை. நாங்கள் கைதட்டினோம். தட்டினதில் சாயம் தெறித்தது.

ஊருக்கு அவள் எங்களோடு பஸ்ஸில் வந்தாள். ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன்னுடைய சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தாள். டிரைவருக்குப் பக்கத்தில் முதல் இருக்கை. எங்கள் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் நாலைந்து வரிசை தள்ளி, உள்ளங்கைகளை மேல்பக்கமாக மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் கத்திய கத்தலுக்கெல்லாம் சேர்த்து அமைதியாக இருந்தோம்.

ஊத்தங்கரையில் டீ குடிக்க நிறுத்தினார்கள். இருட்டியிருந்தது, கடை விளக்கு வெளிச்சம் குழாயடி வரைக்கும் விழுந்தது. டீக்கடைக்காரர் எங்களைக் கண்டதும் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என்னப்பா, எங்கியாவது வெட்டுக் குத்து முடிச்சிட்டு வரீங்களா? மொதல்ல கையைக் கழுவுங்க, அப்புறம் டீ" என்றார். குழாயடியில் வரிசையாக நின்று கழுவினோம். தண்ணீர் சிவப்பாக வாய்க்காலில் ஓடி பஸ்ஸின் முன்சக்கரம் வரைக்கும் போனது. அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி வந்தாள். அண்ணன் குழாயடியில் குனிந்திருந்தார். அவள் நேராகப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் கைய பின்னால கட்டிக்கினியா?"

"வெள்ளைச் சட்டைமா. மேடை ஏறணும். திருப்பித் தரணும்னு வேற சொன்னாங்க…"

"நான் இன்னான்னு நெனச்சிக்கினு வந்தேன் தெரியுமா?"

அண்ணன் தலையை ஆட்டினார். தெரியும் என்றுதான் ஆட்டினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தெரிஞ்சும் சும்மா நின்னியா? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?" என்றவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "ஏன் சித்தப்பா, நீ கூடவா? இத்தினி பேரு நின்னீங்களே! கையிலதான் சாயம். வாயிலயுமா சாயம்?"

டீக்கடைக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார். எதிர்வீட்டு மெக்கானிக் தரையைப் பார்த்தார். பால்காரர் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் பூசிக்கொண்டார். நான் ஏதோ சொல்ல நினைத்தேன். அப்போதும் வரவில்லை. அவள் ஒரு டீயை வாங்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் உட்கார்ந்தாள். இந்த முறை அண்ணனுடைய இருக்கைக்கு முன் இருக்கை. அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்தார். பஸ் போளூர் தாண்டியது. ஆரணிக்கு முன்னால், அவள் திரும்பாமலே, "நான் எந்தப் பக்கம் அடிக்கப் பாத்தேன்னு தெரிஞ்சிதா?" என்று கேட்டாள்.

"எடது பக்கம் பாத்த. வலது பக்கம் அடிச்ச."

"கீப்பரு ஏமாந்துட்டாப்பா."

"ஏமாந்துட்டாதான். கம்பம் ஏமாறல."

அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் இருந்தேன், அவள் பின்னந்தலைதான் தெரிந்தது. ஊர் வந்து இறங்கும்வரை இருவரும் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அவர் கைகள் மட்டும் மடியிலேயே இருந்தன.

அவள் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஆடினாள். ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும் எங்களைக் கூப்பிட்டாள். அண்ணன் ஒருமுறை வேலையைச் சொன்னார், ஒருமுறை முழங்காலைச் சொன்னார். நாங்களும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அவள் கோபப்படவில்லை, கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. அது இன்னும் கூச்சமாக இருந்தது. இப்போது செய்யாறு பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறாள். பட்டறைக்கு வரும்போதெல்லாம் அண்ணன் ஓடிப்போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஈரக் கையைத் துடைக்கத் தன் துப்பட்டா முனையை நீட்டுவாள். அவர் வாங்கமாட்டார். ஆணியில் இருக்கிற அந்தப் பனியனை எடுத்துத்தான் துடைத்துக்கொள்வார்.

போன மாதமும் ஐரோப்பாவில் ஏதோ ஒரு இறுதி ஆட்டம். மத்தியானம் அண்டா மூடிமேல் செல்போன். அதே மாதிரி பாதி அரங்கம் ஒரே நிறம். தோற்ற ஊர்க்காரர்களைக் காட்டினார்கள். ஆடி முடித்த ஒரு பையன் தடுப்பு வரைக்கும் வந்தான். கூட்டத்தில் ஒரு வயதானவர் அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் என்னவோ சொன்னார். "இன்னா சொல்லியிருப்பான்?" என்று அண்ணன் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அண்டாவை இறக்க ஆணியிலிருந்து பனியனை எடுத்தார். இப்போது அதை எத்தனை முறை நனைத்தாலும் ஒரு சொட்டு நிறம் இறங்குவதில்லை. இறங்க வேண்டியதெல்லாம் அன்றைக்கே இறங்கிவிட்டது.

சேலத்திலிருந்து வந்த மறுநாள் காலை, பஸ்காரர் இருக்கை உறைகளை மூட்டை கட்டிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் போட்டார். அண்ணனும் நானும் துவைத்துப் பார்த்தோம். முழுதாகப் போகவில்லை. பருத்திக்கான சாயம் வாங்கிவந்து, எல்லாவற்றையும் அரக்காகவே போட்டுக் காயவைத்துக் கொடுத்தோம்.